படகுக்கு கவர் தைக்கிறவரை நம்பலாமா?

ரொம்ப நாள் கழிச்சு ஒரு பதிவு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கல. "ஆளு இன்னும் இருக்கானா"ன்னு விசாரிச்ச நாலு பேருக்கும் நன்றி :-)

தலைப்பைப் பார்த்துட்டு "துரை படகெல்லாம் வாங்கிட்டாராம்"னு நினைக்காதீங்க. நான் இருக்கிறது அமெரிக்காவுல மினசோட்டா. பத்து ஏக்கரும் அதுக்கு மேலயும் உள்ள ஏரி மட்டும் 11,842 இருக்குன்னு கணக்கு சொல்ற மாநிலம். இங்க படகு வச்சிருக்கிறது நம்மூர்ல பழைய டிவிஎஸ் ஃபிஃப்டி வச்சிருக்கிற மாதிரிதான். எங்களோடது 16 அடி அலுமினியப் படகு, மீன் பிடிக்கிறதுக்கு. என்னைவிட நாலு வயசுதான் சின்னது. ரூம்மேட்ஸ் மூணு பேர் ஆளுக்கு ஆயிரம் டாலர் போட்டு வாங்கினோம்.

இங்க குளிர்காலத்துல ஏரி உறைஞ்சு போயிடும். அதனால அக்டோபர்ல படகை வெளிய எடுத்து, ட்ரெய்லர் மேல ஏத்தி, கவர் போட்டு மூடி வச்சுடணும். திரும்ப ஏப்ரல், மே மாசம்தான் தண்ணியில இறங்கும். ஆறு மாசம் மழை, பனி, வெயில் எல்லாத்துக்கும் படகுக்கு இருக்கிற ஒரே துணை அந்தத் துணிதான். "கவர் விஷயத்தை நான் பாத்துக்கறேன் மச்சி"ன்னு சொன்னது அடியேன். வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்.

ரெண்டு நாள் ராத்திரி முழிச்சு தேடி ஒரு சைட்டைப் பிடிச்சேன். பளபளன்னு இருந்தது. "உங்கள் படகுக்கென்றே தைத்தது", "1200 டெனியர் துணி", "5 வருட வாரண்டி". ஆயிரக்கணக்கான விமர்சனம், எல்லாம் அஞ்சு ஸ்டார். டொமைன் எப்ப பதிவாச்சுன்னு கூட பார்த்தேன், பத்து வருஷத்துக்கு மேல ஆகியிருந்தது. சாஃப்ட்வேர் மூளை இல்லையா, அங்க எல்லாம் பச்சை விளக்கு எரிஞ்சது. ஆர்டர் பண்ணும்போது அவங்க கேட்டது ஒரே ஒரு கேள்வி: படகு நீளம் 14-16 அடியா, 16-18 அடியா?

கவர் சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னாடியே வந்துடுச்சு. போட்டுப் பார்த்தோம், ஏதோ மூடுச்சு. அன்னைக்கே நானும் அஞ்சு ஸ்டார் போட்டேன்.

மார்ச் மாசம் பனி உருகினப்ப போய்ப் பார்த்தா, நடுவுல துணி தொட்டில் மாதிரி தொங்கி தண்ணி கட்டி நிக்குது. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், சராசரியா பத்து சென்டிமீட்டர் ஆழம்னு வச்சுக்கோங்க. 100 லிட்டர். அதாவது 100 கிலோ. ஒரு ஆளை விட அதிக பாரம் அந்தத் துணி மேல. முன்பக்கக் கண்ணாடியோட மூலை பட்ட இடத்துல கிழிஞ்சு, தண்ணி எத்தனை நாளா உள்ள இறங்குச்சோ தெரியல. கார்ப்பெட்டுக்குக் கீழ இருந்த பிளைவுட் தரை ஊறி, கால் வச்சா அமுங்குது.

வாரண்டியைத் தேடிப் படிச்சேன். தண்ணி தேங்கினதால வர்ற சேதம் சேராது. கூர்மையான இடத்துல உரசி கிழிஞ்சா சேராது. மத்ததுக்கெல்லாம் வருஷத்துக்கு வருஷம் கழிச்சுக்கிட்டு மிச்சம் தருவாங்க, திருப்பி அனுப்புற செலவு நம்மளோடது. கவர் வேற எப்படித்தான் கிழியும்னு எனக்குப் புரியல.

இதுல என்னை உறுத்தினது பணம் மட்டும் இல்ல. மூணு பேர்ல ஒருத்தனுக்கு பிப்ரவரியில வேலை போயிடுச்சு. எச்-1பி விசாக்காரனுக்கு வேலை போனா 60 நாள்தான் அவகாசம், உங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்ச கதை. ஏப்ரல்ல ஊருக்குக் கிளம்பிட்டான். ஏரி உருகினதும் கடைசியா ஒரு ரவுண்டு படகுல போயிட்டு கிளம்பலாம்னு இருந்தான். அவன் போட்ட ஆயிரம் டாலர்ல அவனுக்குக் கிடைச்சது ஊறிப்போன தரை. "விடு மச்சி, நீ வேணும்னா பண்ணின"ன்னு சொல்லிட்டு ஏர்போர்ட்டுக்குப் போயிட்டான். திட்டியிருந்தா கூட பரவாயில்லைன்னு இருந்தது.

அதுக்கப்புறம் நிறைய யோசிச்சேன். அந்த விற்பனையாளர் ஏமாத்துக்காரர் இல்ல. காசு வாங்கினாங்க, பொருள் அனுப்பினாங்க, தேதி தவறல. ஆனா நம்பத்தகுந்தவரும் இல்ல. நாம இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கறோம்ங்கறதுதான் இந்தப் பதிவோட சாரம். 'காசை எடுத்துட்டு ஓடுவாரா?' ஒரு கேள்வி. 'இவருக்கு வேலை தெரியுமா, தெரியாததைத் தெரியாதுன்னு சொல்வாரா?' வேற கேள்வி. நான் பார்த்த அத்தனை பச்சை விளக்கும் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில்.

முதல் கேள்விக்கு வழி சுலபம். ஒவ்வொரு மாநிலத்துலயும் கம்பெனிகளோட பதிவைத் தேடிப் பார்க்கலாம், இலவசம். கிரெடிட் கார்டுல கட்டணும். பொருள் வரலைன்னா பில் வந்த 60 நாளுக்குள்ள எழுத்துல முறையிட சட்டம் இடம் குடுக்குது. ஆனா ஒண்ணு கவனிங்க: தைக்க எட்டு வாரம் ஆகும்னு சொல்றவர் கிட்ட முழுப் பணத்தையும் முதல்லயே கட்டினா, அந்த 60 நாள்ல பெரும்பகுதி காத்திருக்கறதுலயே போயிடும். அதனால முன்பணம் கொஞ்சம், மிச்சம் கவர் தயாரானப்புறம். வாரண்டியும் அப்படித்தான். 15 டாலருக்கு மேல விலையுள்ள பொருளுக்கு எழுத்துல வாரண்டி குடுத்தா, வாங்கறதுக்கு முன்னாடியே அதைப் படிக்கக் கிடைக்கும்படி வைக்கணும்னு இங்க விதி இருக்கு. நான்தான் கிழிஞ்சப்புறம் படிச்சேன்.

விமர்சனத்தைப் பத்தி தனியா சொல்லணும். பொய் விமர்சனம் எழுதறதையும் காசு குடுத்து வாங்கறதையும் 2024 அக்டோபர்லேர்ந்து அமெரிக்க அரசு விதி போட்டு தடை பண்ணியிருக்கு. நல்லதுதான். ஆனா என்னை ஏமாத்தினது பொய் விமர்சனம் இல்ல, உண்மையான விமர்சனம். என்னை மாதிரியே எல்லாரும் பார்சல் பிரிச்ச அன்னைக்கு எழுதினது. படகு கவருக்கு முதல் வாரம் எழுதற விமர்சனம், கல்யாண மண்டபத்துலயே "ஜோடி நல்லா வாழும்"னு சொல்ற மாதிரி. இப்பல்லாம் "ரெண்டாவது குளிர்காலம்", "மூணாவது வருஷம்"னு வர்ற விமர்சனத்தை மட்டும்தான் படிக்கறேன். ஆயிரத்துல பத்து தேறும். அந்தப் பத்து போதும்.

இனி ரெண்டாவது கேள்வி. வேலை தெரிஞ்சவரா?

நம்மூர்ல டெய்லர் கிட்ட அளவு சட்டையைக் குடுத்துட்டு வந்துடுவோம். படகுக்கு அளவு சட்டை கிடையாது. அப்ப தைக்கிறவர் என்ன பண்ணணும்? கேட்கணும். எங்க வேலையில ரிக்வயர்மென்ட் கேட்காம கோடு எழுத உக்கார்றவனைப் பார்த்தா நமக்கு வயித்தைக் கலக்கும்ல? கவர் வாங்கும்போது மட்டும் அந்த புத்தி எனக்கு வேலை செய்யல.

இந்தத் தடவை மூணு பேர் கிட்ட பேசினேன். முதல் கம்பெனி சாட்ல ஒரு நொடியில பதில். "நூறு சதவீதம் பொருந்தும் சார்". எதைக் கேட்டாலும் நூறு சதவீதம். படகோட பேரை வேணும்னே தப்பா அடிச்சேன், அதுக்கும் நூறு சதவீதம்.

ரெண்டாவது இடத்துல படகோட மாடல் வருஷம் கேட்டாங்க. தெரியலைன்னேன். படகோட பின்பலகையில வலது மேல் மூலையில 12 எழுத்து எண் ஒண்ணு இருக்கும், அதுல கடைசி ரெண்டு இலக்கம்தான் மாடல் வருஷம், பார்த்துட்டு வாங்கன்னாங்க. பரவாயில்லையேன்னு தோணுச்சு.

மூணாவது ஆள் ஒரு சின்ன ஊர்ல இருக்கிற பெரியவர். வீட்டு கராஜ்தான் பட்டறை. அவர் சைட்டைப் பார்த்தா 1998-ல தூங்கிப்போனது இன்னும் எழுந்திருக்கல. போன வருஷம் இருந்த நானா இருந்தா முதல் நொடியிலயே மூடியிருப்பேன். ஃபோன் பண்ணா அவரே எடுத்தார். கேட்டார் பாருங்க கேள்வி:

1. கவர் போட்டுக்கிட்டே ரோட்டுல இழுத்துட்டுப் போவீங்களா, இல்ல நிறுத்தி வைக்க மட்டுமா? (ரோட்டுல போனா காத்துல படபடன்னு அடிச்சே துணி கிழியும். பட்டி, கட்டு எல்லாம் வேற மாதிரி வேணுமாம்.)

2. வெட்டவெளியா, மரத்தடியா, கூரைக்குக் கீழயா?

3. முன்னாடி சின்ன மின்சார மோட்டார் இருக்கா? அதைக் கழட்டி வைப்பீங்களா, அப்படியே இருக்குமா?

4. கண்ணாடி மூலை, மோட்டார் மூடி, இப்படி துணி உரசற இடங்கள் எங்கெங்க?

5. தண்ணி தேங்காம நடுவுல தூக்கி நிறுத்த கம்பு வைக்கிறீங்களா?

அஞ்சாவது கேள்வியைக் கேட்டதும் எனக்கு சுருக்குன்னு இருந்தது. போன வருஷம் யாராவது இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தா பிளைவுட் பிழைச்சிருக்கும்.

அப்புறம் நான் என் பங்குக்குக் கேட்டேன். 1200 டெனியர் நல்லதா? சிரிச்சார். டெனியர்ங்கறது 9,000 மீட்டர் நூலோட எடை எத்தனை கிராம்ங்கற கணக்கு. நூல் தடிமன்தான் தெரியும், நெசவு நெருக்கமா, வெயில் தாங்குமாங்கறது அதுல தெரியாது. சாயத்தை நூலாகறதுக்கு முன்னாடியே கலந்து செஞ்ச அக்ரிலிக் துணி பீட்ரூட் மாதிரி, வெட்டினா உள்ளயும் கலர். நெஞ்சப்புறம் மேல சாயம் போட்டது ஆப்பிள் மாதிரி, தோல் மட்டும்தான் சிவப்பு, வெயில்ல சீக்கிரம் வெளுக்கும். பாலியஸ்டர் இழுவைக்கு கெட்டி, வெயிலுக்கு அக்ரிலிக் மேல். வினைல் பூசின துணியில சொட்டுத் தண்ணி இறங்காது, ஆனா உள்ள இருக்கிற ஈரமும் வெளிய போகாது, காத்துப் போக வழி வைக்கலைன்னா பூஞ்சை பிடிக்கும். எல்லாத்துலயும் நல்லதுன்னு ஒரு துணி இல்லைங்க தம்பிங்கற தொனியில சொன்னார்.

வாரண்டி எவ்வளவுன்னு கேட்டதுக்கு அவர் சொன்னதுதான் எனக்குப் பிடிச்சது. "துணிக்கு வாரண்டி மில்காரன் குடுக்கறது, அதை என்னோடதுன்னு சொல்லிக்க மாட்டேன். தையலுக்கு ரெண்டு வருஷம் நான் பொறுப்பு. துணிக்கு முன்னாடி நூல்தான் வெயில்ல போகும். அதைவிட அதிக நாள் தாங்கற நூல் இருக்கு, விலை கூட. வேணுமான்னு நீங்க சொல்லுங்க." படகைப் பார்க்காம தைக்க மாட்டேன், இழுத்துட்டு வாங்க, மேலயே பிளாஸ்டிக் ஷீட் விரிச்சு அளவு எடுக்கணும், எட்டு வாரம் ஆகும், அவசரம்னா வேற ஆளைப் பாருங்கன்னும் சொல்லிட்டார்.

விலை முன்ன வாங்கின கவர் மாதிரி அஞ்சு மடங்கு. 3,000 டாலர் படகுக்கு இது தேவையான்னு நீங்க கேட்கலாம். நானும் அவர் கிட்டயே கேட்டேன். "கூரைக்குக் கீழ வைக்க இடம் இருந்தா ரெடிமேட் கவரும் நாலு கம்பும் போதும், என் கிட்ட வரவேண்டாம்"னார். எங்களுக்கு இடம் இல்ல. போனோம்.

கேள்வி கேக்கறவர் எல்லாம் யோக்கியர்னு நான் சொல்லல. நல்லா பேசி முன்பணம் வாங்கிட்டு காணாமப் போறவரும் உண்டு. அதனாலதான் மாநிலப் பதிவு, கிரெடிட் கார்டு, எழுத்துல தேதி எல்லாம் இவர் கிட்டயும் பார்த்தேன். அவரும் கோவிச்சுக்கல. ஆனா அந்தப் பேப்பர் எல்லாம் வேலியோட நிக்கும். உள்ள போய் வேலை தெரியுமான்னு பார்க்க எனக்குத் தெரிஞ்சு ரெண்டே வழி: அவர் உங்களை என்ன கேக்கறார், எதை முடியாதுங்கறார்.

புது கவர் போட்டு ஒரு குளிர்காலம் தாண்டியாச்சு. ஏப்ரல்ல திறந்தப்ப உள்ள காய்ஞ்சுதான் இருந்தது. ஊருக்குப் போனவனுக்கு வீடியோ காலில் தரையைத் தட்டிக் காட்டினேன். "இப்ப ஏன்டா காட்ற, வயித்தெரிச்சல்"னு சிரிச்சான். அவன் பங்கு ஆயிரத்தை அனுப்பிட்டேன், வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னான்.

பழைய சைட்டுக்குப் போய் என் அஞ்சு ஸ்டாரை ஒண்ணாக்கி, தேதியோட நடந்ததை எழுதினேன். பெரியவருக்கு இன்னும் எதுவும் போடல. ரெண்டாவது குளிர்காலம் முடியட்டும்.

பி.கு: படகு இல்லாதவங்களுக்கும் இது பொருந்தும்னு நினைக்கறேன். வீடு கட்ற மேஸ்திரி, மாடுலர் கிச்சன்காரர், கார் கவர், ஜன்னல் கொசுவலை... உங்களை நல்லா கேள்வி கேட்டுக் குடைஞ்ச ஆள் யாராவது உண்டா? பின்னூட்டத்துல சொல்லுங்க. "நூறு சதவீதம் சார்" கதையும் வரவேற்கப்படும் :-)