தாழமுக்கம்: எச்சரிக்கைக்குப் பின்னால் உள்ள வெப்பக் கணக்கு

கார்த்திகை பிறந்துவிட்டால் வடக்கு, கிழக்கு மக்கள் அன்றாடம் கேட்கும் சொல் 'தாழமுக்கம்'. வலையை இழுத்து வைப்பதா, வயலுக்கு இறங்குவதா, பிள்ளைகளோடு வீட்டைவிட்டு வெளியேறுவதா என்ற முடிவுகள் அந்த ஒரு சொல்லில் தங்கியுள்ளன. ஆனால், அது முழு ஆபத்தையும் சொல்வதில்லை.

நமது தலைக்கு மேலுள்ள காற்றின் பாரமே வளியமுக்கம். கடல்மட்டத்தில் அதன் சராசரி 1013 ஹெக்டோபாஸ்கல். காற்று சூடானால் விரிந்து, இலேசாகி மேலெழும். மேலே சென்ற காற்று பக்கங்களுக்குப் பரவி வெளியேறும்போது கீழே பாரம் குறைகிறது. அந்தக் குறைவை நோக்கிச் சுற்றியுள்ள காற்று ஓடிவருகிறது. பகலில் தரை சூடேறியதும் கடற்காற்று வீசுவதும், ஆசியப் பெருநிலம் கொதிக்கும் மாதங்களில் சோளகம் எழுவதும் இதனாலேயே.

வங்காள விரிகுடாவில் இதே செயல் பேருருக் கொள்கிறது. கடலின் மேற்பரப்பு ஏறத்தாழ 26.5 பாகை செல்சியசைத் தாண்டும்போது பெருமளவு நீராவி எழுகிறது. அது உயரத்தில் மழைத்துளியாகும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது. அந்த வெப்பம் காற்றை மேலும் சூடாக்க, அமுக்கம் மேலும் வீழ்கிறது. மற்றைய சூழ்நிலைகளும் ஒத்துவந்தால் சூறாவளி பிறக்கிறது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்ததும், 1978 நவம்பர் 23 இல் மட்டக்களப்பைச் சிதைத்ததும் இவ்வாறு உருவானவையே.

எனினும், அமுக்கமும் காற்றின் வேகமும் மட்டும் அழிவை அளந்துவிடுவதில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா, காற்றின் வேகத்தில் கடும் சூறாவளி அல்ல. ஆனால், அது கொட்டிய மழையும் மண்சரிவும் இலங்கையில் 600 க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தன. மலையகம் புதைந்தது, வன்னியும் மன்னாரும் வெள்ளத்தில் மூழ்கின. வெப்பநிலை 1 பாகை கூடினால் காற்று ஏறத்தாழ 7 வீதம் அதிக நீராவியைத் தாங்கும். அமுக்கத்தைக் குறைக்கும் அதே வெப்பம், மழையையும் பெருக்குகிறது.

2008 நவம்பரில் நிஷா சூறாவளி வந்தபோது, வன்னி மக்கள் இடம்பெயர்ந்து தறப்பாள்களின் கீழ் இருந்தனர். போர் முடிந்த பின்னரும் தாழ்நிலங்களிலும் அரைகுறை வீடுகளிலும் வாழும் குடும்பங்கள் பல. அவர்களுக்கு 'தாழமுக்கம் வலுவடைகிறது' என்ற அறிவிப்பு போதாது. எத்தனை மில்லிமீற்றர் மழை வரும், இரணைமடுவின் வான்கதவுகள் எப்போது திறக்கப்படும், எந்தக் கிராமம் எந்த நேரத்துக்குள் வெளியேற வேண்டும் என்பவை தெரிய வேண்டும்.

அவை சிங்களத்தில் வெளிவரும் அதே வேளையில் தமிழிலும் வர வேண்டும். தமிழை அரசகரும மொழியாக்கிய 13ஆவது திருத்தம் 1987 இல் நிறைவேறியது. வெள்ளம் மொழிபெயர்ப்புக்காகக் காத்திருக்காது.