படித்துக்கொண்டிருக்கும்போதே லேப்டாப் பூட்டிக்கொள்கிறதா?

திரையில் பாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நோட்டில் குறிப்பெடுக்கிறாள் மகள். நாலு வரி எழுதிவிட்டு நிமிர்ந்தால் திரை இருட்டு. ஒரு பட்டனைத் தட்டினால் பாஸ்வேர்டு கேட்கிறது. போட்டுத் திறந்து, விட்ட இடத்தைத் தேடிப் பிடித்து, அடுத்த நாலு வரி எழுதுவதற்குள் மறுபடியும் இருட்டு.

பல வீடுகளில் இதற்கு இரண்டு கை வைத்தியம் உண்டு. ஒன்று, நிமிஷத்துக்கு ஒருமுறை மவுஸை ஆட்டிக்கொண்டே இருப்பது. இன்னொன்று, பாஸ்வேர்டையே எடுத்துவிடுவது. முதலாவது எரிச்சல், இரண்டாவது ஆபத்து. இரண்டுமே தேவையில்லை. லேப்டாப் எதனால் பூட்டிக்கொள்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால், சரிசெய்ய ஐந்து நிமிஷம் போதும்.

முதலில் ஒரு விஷயம். நீங்கள் படிப்பது லேப்டாப்புக்குத் தெரியாது. விசைப்பலகையைத் தட்டுவதும் மவுஸை நகர்த்துவதும்தான் அதற்குத் தெரியும். கண் மட்டும் வேலை செய்தால், எதிரே ஆள் இல்லை என்று எடுத்துக்கொள்ளும். சினிமா பார்க்கும்போது மட்டும் ஏன் அணையவில்லை என்று கேட்கலாம். வீடியோவை ஓட்டும் செயலி, ‘இப்போது அணைக்காதே’ என்று சொல்லிவிடுகிறது. புத்தகப் பக்கம் அப்படிச் சொல்வதில்லை.

அடுத்து, ‘லாக் ஆகிறது’ என்று ஒரே வார்த்தையில் சொல்வது உண்மையில் மூன்று வேலைகள். வீட்டில் விளக்கை அணைப்பது ஒன்று, படுத்துத் தூங்குவது ஒன்று, கதவைத் தாழிடுவது ஒன்று. லேப்டாப்பிலும் திரை அணைவது, லேப்டாப் தூங்குவது, பாஸ்வேர்டு கேட்பது என மூன்றுக்கும் தனித்தனிக் கணக்கு. ஒன்றை மாற்றிவிட்டு ‘இன்னும் சரியாகவில்லையே’ என்பவர்கள், பெரும்பாலும் மற்ற இரண்டைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் அண்ட் பேட்டரி என்று போனால் திரைக்கும் தூக்கத்துக்குமான நேரங்கள் இருக்கும். விண்டோஸ் 10-ல் அதே இடத்தின் பெயர் பவர் அண்ட் ஸ்லீப். கதவுக் கணக்கு வேறு இடத்தில்: செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ், அதற்குள் சைன்-இன் ஆப்ஷன்ஸ். நீங்கள் எழுந்து போய்விட்டுத் திரும்பினால் எப்போது பாஸ்வேர்டு கேட்க வேண்டும் என்ற கேள்வி அங்கே இருக்கும்.

நான்காவதாக ஒரு பழைய ஆசாமியும் ஒளிந்திருக்கலாம்: ஸ்கிரீன் சேவர். பழைய கண்ணாடிக் குழாய்த் திரைகளில் ஒரே படம் நெடுநேரம் நின்றால் அதன் தடம் நிரந்தரமாகப் பதிந்துவிடும். அதைத் தடுக்கவே 1983-ல் ஜான் சோக்கா என்பவர் சும்மா இருக்கும் திரையை இருட்டாக்கும் சிறு புரோகிராமை எழுதினார். இன்றைய திரைகளுக்கு அது அவ்வளவாகத் தேவையில்லை. ஆனால் விண்டோஸில் அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. அதில் ‘திரும்பும்போது பாஸ்வேர்டு கேள்’ என்ற கட்டத்தில் டிக் இருந்து, பக்கத்தில் 1 நிமிஷம் என்றிருந்தால், மற்ற இடங்களில் என்ன மாற்றினாலும் பலன் இருக்காது. தேடல் கட்டத்தில் ‘ஸ்கிரீன் சேவர்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் அந்தப் பக்கம் வரும்.

இத்தனையும் பார்த்த பிறகும் சில வீடுகளில் பிரச்னை தீராது. அதற்கு ஊரும் ஒரு காரணமாக இருக்கலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஆலம்பரைக் கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது கடப்பாக்கம். அங்கே ஒரு மீனவர் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ முடித்த தங்கை, கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறாள். அன்றுதான் கடைசி நாள். லேப்டாப் அண்ணனுடையது. காலையில் அதைத் திறந்து கொடுத்துவிட்டுக் கடலுக்குப் போய்விட்டார். மார்க் ஷீட்டை எடுத்து வர உள்ளே போய்த் திரும்புவதற்குள் பூட்டிக்கொண்டது.

“அம்மா, அண்ணனுக்கு ஒரு போன் போடும்மா, மறுபடியும் லாக் ஆயிடுச்சு!”

அண்ணன் கரைக்கு வரும்வரை போன் கிடைக்காது. நேற்று அரை மணி நேரம் சும்மா கிடந்தபோது பூட்டாத லேப்டாப், இன்று மூன்றே நிமிஷத்தில் ஏன் பூட்டியது?

முதல் சந்தேகம் கரன்ட் மேல் போக வேண்டும். மேலே சொன்ன நேரங்கள் ஒவ்வொன்றிலும் இரண்டு வரி உண்டு: சார்ஜரில் இருக்கும்போது ஒன்று, பேட்டரியில் ஓடும்போது ஒன்று. பேட்டரி நேரம் வழக்கமாகக் குறைவு. கரன்ட் போன நொடியே லேப்டாப் அந்தக் கணக்குக்கு மாறிவிடும். வீட்டில் ஃபேன் நின்றால் தெரியும். ஆனால் சார்ஜர் பின் தளர்ந்து, லேப்டாப் மட்டும் பேட்டரிக்கு மாறினால் யாருக்கும் தெரியாது. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று உலோகத்தைச் சும்மா விடாது. ஜன்னல் கம்பியில் ஏறும் துரு, பிளக்கின் பின்னிலும் பச்சையாகவோ கறுப்பாகவோ படியும். அதனால் திரையின் மூலையில் இருக்கும் பேட்டரி படத்தைப் பாருங்கள். சார்ஜர் செருகியிருந்தும் பிளக் அடையாளம் வந்து வந்து போனால், கோளாறு செட்டிங்ஸில் இல்லை, ஒயரில் இருக்கிறது. பேட்டரி வரியின் நேரத்தையும் கூட்டி வையுங்கள், சார்ஜரையும் கடையில் காட்டுங்கள்.

இரண்டாவது சந்தேகம் போன். விண்டோஸில் டைனமிக் லாக் என்று ஒன்று உண்டு. லேப்டாப்போடு புளூடூத்தில் இணைத்த போன் தூரமாகப் போய்விட்டால், உரிமையாளர் எழுந்து போய்விட்டார் என்று நினைத்துச் சிறிது நேரத்தில் பூட்டிவிடும். அலுவலகத்துக்கு அருமையான வசதி. சிக்னலுக்காகப் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போக வேண்டிய வீட்டில் இது உபத்திரவம். சைன்-இன் ஆப்ஷன்ஸ் பக்கத்திலேயே இருக்கிறது, டிக்கை எடுத்துவிடலாம்.

தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே திரை அணைகிறதா? அப்படியானால் நேரக் கணக்கு காரணமல்ல. பல லேப்டாப்களில் மூடி மூடியிருக்கிறதா என்பதை ஒரு காந்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். காந்தப் பட்டன் வைத்த போன் உறையையோ, காந்தப் பட்டை கொண்ட கைக்கடிகாரத்தையோ விசைப்பலகைப் பக்கம் கொண்டுவந்தால், மூடிவிட்டார்கள் என்று ஏமாந்து தூங்கிவிடும்.

எது காரணம் என்று பிரித்துப் பார்க்க எளிய வழி சுவர்க் கடிகாரம். லேப்டாப்பைச் சும்மா வைத்துவிட்டு எத்தனை நிமிஷத்தில் பூட்டுகிறது என்று பாருங்கள். சார்ஜரோடு இரண்டு முறை, சார்ஜர் இல்லாமல் இரண்டு முறை. ஒவ்வொரு தடவையும் அதே நேரம் வந்தால் செட்டிங்ஸ். சார்ஜர் இல்லாதபோது மட்டும் சீக்கிரம் என்றால் பேட்டரி வரி. தாறுமாறாக இருந்தால் ஒயர், போன், காந்தம்.

மாற்றவே விடாமல் அந்த இடம் மங்கலாக, ‘உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்ற வரியோடு இருந்தால், அது அலுவலகமோ கல்லூரியோ போட்ட கட்டுப்பாடு. சொந்த லேப்டாப்பில் அலுவலகக் கணக்கைச் சேர்த்தாலும் இது வரலாம். அவர்களிடம் கேட்பதே வழி. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குத் தந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. லினக்ஸில் ஓடுபவர்கள் செட்டிங்ஸில் பவர், ஸ்கிரீன் லாக் என்ற தலைப்புகளைத் தேட வேண்டும்.

விண்ணப்பம் நிரப்புபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. லேப்டாப் பூட்டிக்கொள்வதால் எழுதியது அழியாது. திறந்தால் அப்படியே இருக்கும். ஆனால் வங்கி, அரசு இணையதளங்கள் சில நிமிஷம் அசைவில்லை என்றால் தாமாகவே வெளியேற்றிவிடும். அது அந்தத் தளத்தின் கணக்கு, லேப்டாப்பில் எதை மாற்றினாலும் கேட்காது. சான்றிதழ்களை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவதும், பக்கத்துக்குப் பக்கம் சேமிப்பதும்தான் பாதுகாப்பு.

சரி, எத்தனை நிமிஷம் வைக்கலாம்? வீட்டில் படிக்க, எழுத 10 முதல் 15 நிமிஷம் வசதியாக இருக்கும். கடையிலோ விடுதியிலோ நாலு பேர் வந்துபோகும் இடத்தில் 2 அல்லது 3 நிமிஷமே நல்லது. ‘நெவர்’ மட்டும் வேண்டாம். வங்கிக் கணக்கும் வாட்ஸ்அப்பும் சேமித்த பாஸ்வேர்டுகளும் அதே லேப்டாப்பில்தான் இருக்கின்றன. எழுந்து போகும்போது விண்டோஸ் பட்டனோடு எல் எழுத்தைச் சேர்த்து அழுத்தினால் உடனே பூட்டிக்கொள்ளும். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் நேரத்தைத் தாராளமாக வைக்கலாம்.

கடப்பாக்கத்துத் தங்கைக்கு உண்மையில் தேவைப்பட்டது கூடுதல் நிமிஷம் அல்ல, தனிச் சாவி. அக்கவுன்ட்ஸ் பகுதியில் அதர் யூசர்ஸ் என்ற இடத்தில் வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு தொடங்கலாம். அவரவர் பாஸ்வேர்டு, அவரவர் ஃபைல். அண்ணனின் பாஸ்வேர்டு அண்ணனிடமே இருக்கும், தங்கையின் விண்ணப்பமும் நிற்காது. கடைசி நாள் வரும் வரை காத்திருக்காமல், அண்ணன் கரையில் இருக்கும் ஒரு மாலையில் இதைச் செய்துவிடுவது நல்லது.