யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் என் சிற்றப்பாவின் மகன் ஓர் உதவி கேட்டான். அங்கே அரங்கு நிறைந்து நடந்த மேடை நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றை அடுத்த ஆண்டு மட்டக்களப்புக்கு அழைத்துவரச் சிலர் முயல்கிறார்களாம். சேருகின்ற பணம் ஒரு நற்காரியத்துக்குப் போகுமாம். நான் அதைப் பற்றி நாலு பேர் படிக்கும்படியாக ஒரு முன்னோட்டம் எழுத வேண்டும். "பார்த்திட்டு எழுதுங்க அண்ணன்" என்று பென் டிரைவ் ஒன்றைத் தொலைக்காட்சிப் பெட்டியில் செருகினான். பார்த்தேன். இப்போது எழுதுகிறேன். அவன் கேட்ட முன்னோட்டம் இதுவல்ல.

நடித்தவர்களின் பெயரையும் நடத்தியவர்களின் பெயரையும் இங்கே எழுதவில்லை. அச்சம் காரணமல்ல. பெயரை எழுதினால் வழக்கு அந்த நாலு பேரோடு முடிந்துவிடும். டெக்கையும் ரீவீயையும் வாடகைக்கு எடுத்து வீடியோ பார்த்த காலம் முதல், சீடி, டிவிடி என்று உருமாறி இன்று பென் டிரைவ் வரைக்கும் இதே சரக்கு நம் வீடுகளுக்குள் வந்துகொண்டிருக்கிறது. ஆட்கள் மாறினார்கள், பகிடி மாறவில்லை.

கல்லடியில் என் அக்கா வீட்டு விறாந்தையில் இருந்து பார்த்தோம். அக்கா, மருமகள், பேரப்பிள்ளைகள் இருவர், பக்கத்து வீட்டார், நான். இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாத நிகழ்ச்சி. தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் ஓர் ஆண் சேலையுடுத்தி, மார்பில் எதையோ திணித்துக்கொண்டு வந்தார். அரங்கம் அதிர்ந்தது. அவர் பேச வாய் திறக்கவே இல்லை, அதற்குள் சிரிப்பு. பிறகு ஒரு பெண்ணின் கறுப்பு நிறம். பிறகு ஒருவருடைய திக்குவாய். பிறகு மனைவி, மாமியார், மறுபடி மனைவி. ஒளிப்பதிவாளர் அடிக்கடி பார்வையாளர் பக்கம் திரும்பினார். கோட்டுப் போட்டவர்களும், பட்டுச்சேலைக்காரிகளும், மடியில் பிள்ளைகளை வைத்திருந்தவர்களும் கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நடுவில் நம்மூரும் வந்தது. மட்டக்களப்பான் வந்தவனைப் பாயோடு ஒட்டவைப்பான் என்கிற அந்தப் பழைய பகிடி. ஈழத்துக்கு வெளியே உள்ள வாசகருக்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். வடக்கிலிருந்து வேலைக்கு வந்த ஆண்கள் பலர் இங்கேயே கலியாணம் செய்து தங்கிவிட்டதற்கு மந்திரமும் மருந்தும் காரணம் என்று கட்டிவிட்ட கதை அது. வயல், வாவி, மீன், தயிர், தாய்வழியாக வீடும் வளவும் பெறும் பெண்கள் ஆகியவற்றைக் கண்டவன் திரும்பிப் போக மனமில்லாமல் நின்றதற்கு மந்திரம் எதற்கு? அதைக் கேட்டு நான் கோபப்படவில்லை. எத்தனையோ பத்திரிகைக் கந்தோர்களில் எத்தனையோ முறை கேட்டுப் பழகிய காது இது.

அதற்குப் பிறகு வந்ததுதான் என்னை எழுதவைத்தது. சேலைக்காரர் மறுபடி வந்தார். இம்முறை அவர் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்து ஊர் திரும்பும் பெண். தள்ளுவண்டியில் பெரிய பெட்டி. பெட்டிக்குள் என்ன, வயிற்றுக்குள் என்ன, எசமான் எத்தனை பேர் என்பவைதாம் பகிடி. இருபது நிமிடம் ஓடியது.

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த தொலைக்காட்சிப் பெட்டி மட்டுமல்ல, எங்கள் தலைக்கு மேலிருந்த கூரையும் குவைத் காசு. அக்கா 1997 முதல் ஒன்பது ஆண்டுகள் அங்கே ஒரு வீட்டில் சமைத்தாள், துடைத்தாள், அந்த வீட்டுப் பிள்ளைகளை வளர்த்தாள். 2004 டிசம்பர் 26இல் கடல் கல்லடிக்குள் புகுந்து அவளுடைய பழைய வீட்டை அள்ளிக்கொண்டு போனதை அவள் அங்கே எசமானின் தொலைக்காட்சியில் பார்த்தாள். புருசன் 1990இலேயே இல்லாமற்போனவர். இந்த வீட்டைக் கட்டி முடித்த பின்னர்தான் திரும்பி வந்தாள்.

அந்த இருபது நிமிடமும் அக்கா சிரித்தாள். நான் எழுந்து நிறுத்தப் போனேன். "சும்மா இரி தம்பி, பகிடிதானே" என்றாள்.

பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தபோது தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் ஒன்று படித்தோம். நகை பிறக்கும் நிலைக்களன்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு. அவற்றுள் எள்ளலுக்குப் பேராசிரியர் இரு முகம் காட்டுவார். தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று. பிறரால் தான் எள்ளப்பட்டவிடத்துத் தானே நகுவது மற்றொன்று. பரீட்சைக்கு மனனம் செய்து, எழுதி, புள்ளியும் வாங்கினேன். இரண்டாவது எப்படியிருக்கும் என்பதை அன்றிரவுதான் கண்டேன். லண்டன் அரங்கில் இருந்தவர்கள் சிரித்தது முதலாவது சிரிப்பு. என் அக்கா சிரித்தது இரண்டாவது. தொலைக்காட்சியில் கேட்கும்போது இரண்டும் ஒரே சத்தமாகத்தான் கேட்கிறது. "சனம் சிரிக்குதே அண்ணன், பிறகென்ன?" என்று தம்பி கேட்டதற்கு என் பதில் இதுதான்.

நான் ஆபாசத்துக்கு எதிராகப் புறப்பட்ட ஒழுக்கக் காவலன் என்று சிலர் எண்ணக்கூடும். இல்லை. சிறுவயதில் எங்கள் பக்கத்துக் கூத்துக் களரியில் விடியவிடியக் கண்விழித்தவன் நான். அங்கே கோமாளி பேசியதில் பாதியை இங்கே எழுத முடியாது. பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். ஆனால் அதே கோமாளி, முன்னால் பாய்விரித்து இருந்த போடியாரைப் பார்த்து, நெல்லளக்கும் மரைக்காலுக்கு அடியில் எவ்வளவு பள்ளம் என்று கேட்பான். வட்டவிதானையார் எந்த வயலுக்குத் தண்ணீர் முதலில் விடுவார், ஏன் விடுவார் என்று கேட்பான். மறுநாள் காலையில் அதே போடியாரின் வயலில் வேலைக்குப் போக வேண்டியவன் அவன். கூத்தைப் புனிதமாக்கிக் காட்டவும் நான் வரவில்லை. குறைந்த சாதி என்று தள்ளப்பட்டவனையும் அதே களரியில் இழிவாகச் சிரித்திருக்கிறார்கள். அதற்கும் சேர்த்தே வெட்கப்பட வேண்டும். இருந்தும் அங்கே மேலே எறிந்த கல் ஒன்றாவது இருந்தது. நான் பார்த்த இரண்டரை மணி நேரத்தில் மேலே போன கல் ஒன்றுகூட இல்லை.

பணம் சேர்க்கும் சங்கத் தலைவர் மீது ஒரு பகிடி இல்லை. ஒரே ஊர்க் கோவிலுக்கு இரண்டு நிருவாக சபை வைத்து நீதிமன்றம் போகிறவர்கள் மீது இல்லை. சீதனத்தைப் பவுண்ஸ் கணக்கில் பேசுகிறவர்கள் மீது இல்லை. சிரிப்பதற்கு எவ்வளவு இருக்கிறது அந்த அரங்கின் முதல் மூன்று வரிசைகளில்! ஆனால் அவர்கள்தாம் சீட்டு வாங்கியவர்கள். ஆகவே சீட்டு வாங்காதவள்மீது சிரிப்பு. இதற்கு நான் வைத்திருக்கும் பெயர் ஆபாசமல்ல, கோழைத்தனம்.

நம்மவர்க்கு இதைவிட்டால் வேறு தெரியாது என்பதும் பொய். கே. எஸ். பாலச்சந்திரன் 'அண்ணை றைற்' என்று ஒரு தனியாள் நிகழ்ச்சி செய்தார். ஒரு பஸ், ஒரு கொண்டக்டர், ஏறி இறங்கும் சனம், எல்லாம் அவர் ஒருவரே. கசெட்டாகி உலகெங்கும் போனது. பஸ்ஸில் போனவர்களெல்லாம் தங்களையே அதில் கண்டு சிரித்தார்கள். அவர் 2014இல் கனடாவில் காலமானபோது, அந்த ஒலிநாடாவை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்தவர்கள் கண்டங்கள்தோறும் இருந்தார்கள். இலங்கை வானொலியில் ராமதாஸ், ராஜகோபால், செல்வசேகரன் முதலியோர் மரிக்காராகவும் அப்புக்குட்டியாகவும் உபாலியாகவும் செய்த கூத்து 1976இல் 'கோமாளிகள்' என்று திரைப்படமாகவும் வந்தது. இந்த நாட்டில் தமிழ் எத்தனை வாயில் எத்தனை விதமாகப் பேசப்படுகிறது என்பதே அவர்களுடைய பகிடியின் முதலீடு. எவருடைய பேச்சும் அங்கே உத்தமமான பேச்சாக இருக்கவில்லை. அதனால் எவரும் கூனிக்குறுகவும் இல்லை.

"அப்ப தடை செய்யச் சொல்றீங்களா?" என்று தம்பி கேட்டான். ஒருபோதும் இல்லை. பகிடியை எப்படித் தடை செய்வது என்று இந்த நாட்டு அரசுக்கு நாம் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. 2023 மே 28இல் நதாஷா எதிரிசூரிய என்ற மேடை நகைச்சுவைக் கலைஞர் கட்டுநாயக்க விமான நிலையத்தில் வைத்துக் கைதானார். மேடையில் சொன்ன பகிடி புத்த சமயத்தை இழிவுபடுத்தியது என்பது குற்றச்சாட்டு. நிகழ்ச்சியின் காணொளி பரவிய பின்னரே கூச்சல் எழுந்தது. மனித உரிமைக்கென்று 2007இல் இயற்றிய சட்டத்தைக் கொண்டே அவரை உள்ளே போட்டார்கள். யூலை 5ஆம் திகதிதான் பிணை கிடைத்தது. அந்தப் பகிடி நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. தன்னைவிடப் பெரியதைத் தொட்டார், விலை கொடுத்தார். நம்முடைய சேலைக்காரருக்கு அப்படி எந்த ஆபத்தும் இல்லை. பணிப்பெண்களுக்கு மடாலயமும் இல்லை, வாக்குவங்கியும் இல்லை, ஊர்வலம் போக நேரமும் இல்லை.

மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் வயதைக் கூட்டி எழுதிய கடவுச்சீட்டோடு 2005இல் சவூதிக்குப் போனாள். 2013 சனவரி 9ஆம் திகதி அங்கே தலை வெட்டப்பட்டாள். அவள் கிழக்கு மாகாணத்துப் பிள்ளை. அந்தத் தள்ளுவண்டியைப் பார்த்துச் சிரித்தவர்களில் எத்தனை பேர் அன்று முகநூலில் மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தேன்.

என் பங்குக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஞாயிறு மலர் ஒன்றைச் சில ஆண்டுகள் நான் பார்த்துக்கொண்டேன். பக்கத்தில் இரண்டு அங்குலம் மிஞ்சினால் மனைவிப் பகிடி ஒன்றைத் தூக்கிப் போடுவது வழக்கம். பூரிக்கட்டை, மாமியார், மறதி டொக்டர், அவ்வளவுதான் சரக்கு. எத்தனை போட்டேன் என்று கணக்கில்லை. பெண் வாசகர் ஒருவர்கூடக் கடிதம் எழுதவில்லை. ஆகவே அவர்களுக்கும் பிடிக்கிறது என்று முடிவு கட்டியிருந்தேன்.

ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு யோசனை. இதே கல்லடியில், விபுலானந்த அடிகள் அடக்கமான மண்ணில், அவர் பெயரால் ஓர் அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. 1926இலேயே 'மதங்க சூளாமணி' எழுதி ஷேக்ஸ்பியரைச் செகசிற்பியாராக்கி நமக்குத் தந்த மனிதர் அவர். நாடகம் படித்துவிட்டு வேலைக்கு அலையும் பிள்ளைகள் அங்கிருந்து வெளியேறுகிறார்கள். லண்டன் குழுவுக்குக் கொடுக்கவிருக்கும் விமானச் சீட்டுக் காசில் பாதியை அவர்களில் நாலு பேரிடம் கொடுத்து, மூன்று மாதத்தில் ஒரு பகிடி நாடகம் செய்யச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்து, ஊரில் நாலு படம் பிடித்து, நற்காரியம் செய்து திரும்பும் தம்பிமாரைப் பற்றிச் செய்யட்டும். பத்திரிகைக்காரரைப் பற்றியும் செய்யட்டும். முன்னோட்டம் என்ன, முழுப்பக்கமே எழுதித் தருகிறேன்.

இல்லை, அந்தக் குழுவேதான் வரவேண்டும் என்றால் வரட்டும். சீட்டு வாங்கிக்கொண்டு வருவேன். அக்காவையும் கேட்டுப் பார்த்தேன். முன்வரிசை என்றால் வருகிறாளாம். பெட்டியோடு அவர் வரும்போது கையைத் தூக்கி, குவைத்தில் எந்த இடத்தில் வேலை என்று அறபியில் கேட்கப் போகிறாளாம்.