கறையை விடத் தின்னர்தான் மோசம்

போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலக்காய்த் தோட்டங்களைத் தாண்டி மூணாறு போவதற்குள் பின்சீட்டில் யாராவது வாந்தி எடுத்துவிடுவது சகஜம். தலை எண்ணெயும் வியர்வையும் தனிக் கணக்கு. வாடகை டிரைவருக்குக் கோபம் வரும். திட்டு குழந்தைக்கு விழும். அப்புறம் தின்னரும் பழந்துணியும் வெளியே வரும். தப்பு அங்கேதான்!

கார் சீட் தோலின் மேல் பெரும்பாலும் நிறமும் மெல்லிய பூச்சும் இருக்கும். கறை முதலில் உட்காருவது அந்தப் பூச்சின் மேல். தின்னர் கறையோடு பூச்சையும் கரைத்துவிடும். பிறகு தோல் வெளிறும், வெயிலில் காய்ந்து வெடிக்கும். ரெக்சினும் தின்னருக்குத் தாங்காது.

உடனே ஒற்றி எடுத்து, லேசான சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் மெதுவாகத் துடைத்து, ஈரத்துணியால் சோப்பை எடுத்து, நிழலில் காயவிட்டால் போதும். எதையும் முதலில் மறைவான மூலையில் தேய்த்துப் பார்ப்பது நல்லது. ஊறிப்போன பேனா மையும் ஜீன்ஸ் சாயமும் முழுசாகப் போகாமல் இருக்கலாம். போகட்டுமே!

வாடகை வண்டிக்கு சீட்டும் மூலதனம். அதைக் கரைத்துவிட்டு நஷ்டத்தைப் பயணி தலையில் எழுதுவது எந்தக் கணக்கிலும் சேராது.