ஜடேஜாவுக்கு யார் துரோகம் செய்தார்கள்?

திருத்தணி பேருந்து நிலையத்து டீக்கடை முதல் அரக்கோணம் ரயில் வரை ஒரே புலம்பல்: கோப்பை வாங்கிக் கொடுத்த ஜடேஜாவை சென்னை அணி ராஜஸ்தானுக்குத் தள்ளிவிட்டு சஞ்சு சாம்சனைக் கொண்டுவந்தது துரோகம், விசுவாசத்துக்கு மதிப்பே இல்லை.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. ஐபிஎல் விதிப்படி, வீரர் சம்மதிக்காமல் அவரை மாற்ற முடியாது. தானே சம்மதித்துப் போனவருக்கு யார் செய்த துரோகம் இது?

2. 2023 இறுதிப் போட்டி. கடைசி இரண்டு பந்தில் 10 ரன் வேண்டும். மோகித் சர்மாவின் பந்தில் ஜடேஜா அடித்தது சிக்ஸர், அடுத்து பவுண்டரி. யாரும் மறக்கவில்லை. ஆனால் 2025-இல் சென்னைக்கு 14 ஆட்டத்தில் 4 வெற்றி, பட்டியலில் கடைசி இடம். அதை மட்டும் ஏன் மறந்தீர்கள்?

3. மாற்றம் நடந்த 2025 நவம்பரில் ஜடேஜாவுக்கு 37 நெருங்குகிறது, சாம்சனுக்கு 31. கீப்பர் தோனிக்கு 44. அடுத்த கீப்பரை எப்போது தேடுவது? அவர் ஓய்வு பெற்ற மறுநாளா?

4. 2018-இல் நம்ம ஊர் அஸ்வின் பஞ்சாபுக்குப் போனாரே, அன்று எங்கே போனது இந்த விசுவாசம்?

கேட்க வேண்டிய கேள்வி வேறு. சாம்சன் ஒருவருக்காக ஜடேஜாவோடு சாம் கரனையும் கொடுத்தார்கள். 2.4 கோடிக்குப் பந்தும் மட்டையும் பிடிக்கிற ஆள் இனி எங்கே கிடைப்பார்? அந்தக் கணக்கை நிர்வாகத்திடம் கேளுங்கள். கண்ணீரை அல்ல, கணக்கைக் காட்டிச் சண்டை போடுங்கள்.