2 விநாடி மிச்சமிருக்கும்போது சண்டையை நிறுத்தலாமா? 36 ஆண்டாக ஓயாத ஒரு வழக்கு

‘சார்பட்டா பரம்பரை’ படம் பார்த்தவர்களுக்கு அந்த ஆத்திரம் மறந்திருக்காது. கபிலன் ஜெயிக்கப்போகிற நேரத்தில் கலவரம் வெடித்து, சண்டை பாதியில் நின்றுபோகும். “இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா முடிச்சிருப்பானே!” என்று சென்னையில் மட்டுமல்ல, காஞ்சிபுரம் டீக்கடைகளிலும் பேசினார்கள்.

அது சினிமா. நிஜத்தில், 2 விநாடி மட்டுமே மிச்சமிருந்தபோது ஒரு உலகப் பட்டச் சண்டை நிறுத்தப்பட்டது. நிறுத்தியது கலவரக்காரர்கள் அல்ல, நடுவரே. குத்துச்சண்டை ரசிகர்கள் கூடும் இடங்களில் அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

அன்று நடந்தது என்ன?

1990 மார்ச் 17, அமெரிக்காவின் லாஸ் வேகாஸ். ஒரு மூலையில் மெக்சிகோவின் ஜூலியோ சீசர் சாவேஸ். இன்னொரு மூலையில் அமெரிக்காவின் மெல்ட்ரிக் டெய்லர், 1984 ஒலிம்பிக்கில் 17 வயதிலேயே தங்கம் வென்றவர். இருவருமே அதுவரை தோற்றதில்லை. இருவரிடமும் ஆளுக்கொரு உலகப் பட்டம் இருந்தது.

டெய்லரின் கைவேகத்துக்குச் சாவேஸால் ஈடுகொடுக்க முடியவில்லை. 11 சுற்று முடிந்தபோது மூன்று மதிப்பெண் நடுவர்களில் இருவர் டெய்லருக்குப் பெரிய முன்னிலை கொடுத்திருந்தார்கள்: 107-102, 108-101. மூன்றாமவர் மட்டும் 105-104 என்று சாவேஸ் பக்கம். ஆனால் வாங்கிய அடியின் கனம் மதிப்பெண் அட்டையில் தெரியாது. சாவேஸ் குத்தியது எண்ணிக்கையில் குறைவு, ஒவ்வொன்றும் இடி. டெய்லரின் முகம் வீங்கி, வாய்க்குள் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

கடைசிச் சுற்றில் அவர் விலகி விலகி ஆடியிருந்தாலே போதும். ஆனால் அவருடைய பயிற்சியாளர் தரப்பு, இந்தச் சுற்றையும் ஜெயிக்கணும் என்று சொல்லி அனுப்பியது. அவரும் மோதினார். மணியடிக்கச் சுமார் 16 விநாடி இருந்தபோது சாவேஸின் வலது கைக் குத்தில் விழுந்தார். எழுந்தார். நடுவர் ரிச்சர்ட் ஸ்டீல் எட்டு வரை எண்ணிவிட்டு, “சரியா இருக்கியா?” என்று இரண்டு முறை கேட்டார். பதில் இல்லை. டெய்லரின் பார்வை, மேடை ஓரத்தில் ஏறி நின்ற பயிற்சியாளர் பக்கம் திரும்பியிருந்தது. ஸ்டீல் கையை ஆட்டிச் சண்டையை முடித்தார். கடிகாரத்தில் மிச்சம் 2 விநாடி.

டெய்லர் தரப்பு கேட்பதில் நியாயம் இல்லையா?

இருக்கிறது. விழுந்த சுற்றை 10-8 என்று சாவேஸுக்கே கொடுத்தாலும், இரண்டு அட்டைகளில் 115-112, 116-111 என்று டெய்லர் வென்றிருப்பார். அந்த 2 விநாடிக்குள் சாவேஸ் குறுக்கே ஓடிவந்து இன்னொரு குத்து விட்டிருக்கவும் முடியாது. கடைசி 10 விநாடியைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அதை நடுவர் பார்த்திருக்கணும் என்பது அவர்கள் வாதம். சாவேஸை நடத்தியவர் செல்வாக்கு மிக்க டான் கிங் என்பதால் சந்தேகமும் கிளம்பியது. அது நிரூபிக்கப்படவில்லை. முடிவும் மாறவில்லை.

ஸ்டீல் சொன்ன பதில் எளிமையானது. நேரம் பார்ப்பது தன் வேலையல்ல, ஒருவன் இனித் தாங்கமாட்டான் என்று தெரிந்தால் நிறுத்துவதே வேலை. இதற்காகப் பல ஆண்டுகள் அரங்குகளில் அவருக்குக் கூச்சல்தான் வரவேற்பு.

நடுவர் ஏன் கடிகாரம் பார்க்கக்கூடாது?

பிள்ளையார்பாளையத்தில் தறியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது புரியும். பாவில் இழை அறுந்தால் தறியை நிறுத்த வேண்டியதுதான். “சேலை முடிய ரெண்டு அங்குலம்தானே பாக்கி, ஓட்டிடலாம்” என்று யாரும் ஓட்டுவதில்லை. எவ்வளவு பாக்கி என்பது வேறு கணக்கு, இழை அறுந்தது வேறு கணக்கு. இழையையாவது முடிச்சுப் போட்டுச் சரிசெய்துவிடலாம். மூளையில் அறுந்த நரம்புக்கு முடிச்சு கிடையாது.

தலையில் பலத்த அடி விழும்போது மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே உள்ள மெல்லிய ரத்தக்குழாய்கள் கிழியலாம். ரத்தம் கசிந்து மூளையை அழுத்தும். அடிபட்டவர் எழுந்து நிற்பார், பேசவும் செய்வார், பிறகு சரிவார். அதனால் “எழுந்துட்டானே” என்பது மட்டும் சான்றாகாது. கேள்விக்குப் பதில் வருகிறதா என்பது நடுவர் கையில் இருக்கும் முக்கியமான கருவி.

நிறுத்தாமல் விட்டதன் விலையும் பதிவாகியிருக்கிறது. 1962-ல் எமில் கிரிஃபித்திடம் அடிவாங்கிய பென்னி பாரெட் பத்து நாளில் இறந்தார். 1982-ல் ரே மன்சினியுடன் 14-வது சுற்று வரை மோதிய தென்கொரியாவின் கிம் டுக் கூ சில நாட்களில் இறந்தார். அதன் பிறகுதான் பட்டச் சண்டைகள் 15 சுற்றிலிருந்து 12-ஆகக் குறைந்தன.

1980-ன் தொடக்கத்தில் முகமது அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை ஆடியதை மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். அதே ஆண்டு அக்டோபரில் லாரி ஹோம்ஸிடம் 10 சுற்று அடிவாங்கிய அலியை, பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டீ அதற்கு மேல் அனுப்பவில்லை. அந்த நிறுத்தத்தை யாரும் குறை சொல்லவில்லை, இன்னும் முன்னாடியே நிறுத்தியிருக்கலாமே என்றுதான் வருந்தினார்கள்.

அப்படியானால் தவறே இல்லையா?

தவறு நிறுத்தியதில் இல்லை, நிறுத்திய சூழலில் இருக்கிறது. எண்ணிக்கை நடக்கும்போது பயிற்சியாளர் மேடை ஓரத்தில் ஏறியிருக்கக்கூடாது. வீரரின் கவனம் சிதறியதற்கு அது ஒரு காரணம். அட்டையில் தெளிவாக முன்னிலையில் இருந்தவரை மோதச் சொல்லி அனுப்பியதும் மூலைக்காரர்கள்தான். அன்றைய கோபம் முழுவதும் நடுவர் மேல் விழுந்தது, அதில் பாதியாவது அந்த மூலைக்குச் சேரவேண்டியது.

இன்று பல நாடுகளில் பின்பற்றப்படும் ஒருங்கிணைந்த விதிகளின்படி, விழுந்த வீரரை எந்தச் சுற்றிலும் மணி காப்பாற்றாது. ஸ்டீல் பின்பற்றிய எண்ணம் கிட்டத்தட்ட விதியாகவே ஆகிவிட்டது.

சண்டை முடிந்ததும் டெய்லர் மருத்துவமனைக்குப் போனார். முக எலும்பு முறிந்திருந்தது, நிறைய ரத்தத்தை விழுங்கியிருந்தார். மறு ஆண்டே வேறு எடைப்பிரிவில் உலகப் பட்டம் வென்றார் என்றாலும், பழைய டெய்லர் திரும்பவில்லை. பின்னாளில் அவர் பேச்சே குழறியது. அந்த 2 விநாடியில் போனது பட்டம். முந்தைய 12 சுற்றில் போனது அதைவிடப் பெரியது.

இது நமக்கெதுக்கு?

2022 ஆகஸ்ட்டில் சென்னையில் நடந்த தேசிய கிக்பாக்சிங் போட்டியில் தலையில் அடிபட்டு, அருணாச்சலப் பிரதேசத்தைச் சேர்ந்த 24 வயது வீரர் உயிரிழந்தார். லாஸ் வேகாஸ் தூரம், சென்னை தூரமில்லை.

காஞ்சிபுரம் மாதிரி ஊர்களிலும் பிள்ளைகள் கராத்தே, கிக்பாக்சிங், குத்துச்சண்டை என்று ஆர்வமாகக் கிளம்புகிறார்கள். போகட்டும், நல்ல விளையாட்டு. ஆனால் போட்டிக்கு அனுப்பும் அப்பா அம்மா, கோப்பை எவ்வளவு பெரிசு என்று கேட்பதற்கு முன் மூன்று கேள்வி கேட்கலாம். மேடையருகே மருத்துவர் இருப்பாரா? வாசலில் ஆம்புலன்ஸ் நிற்குமா? என் பிள்ளை ஜெயித்துக்கொண்டிருக்கும்போதும் சண்டையை நிறுத்தும் தைரியம் உங்கள் நடுவருக்கு உண்டா?

மூன்றாவது கேள்விக்கு “ஆமா” என்று பதில் வரும் நாளில் கூட்டம் கூச்சல் போடலாம். அந்தக் கூச்சலில் பெற்றவர்களும் சேராமல் இருக்கவேண்டும்.