பிளஸ் டூ முடிவுக்கு முந்தைய விண்ணப்பங்கள்

கேரளத்தில் பிளஸ் டூ மாணவர் எழுத வேண்டிய முக்கியமான கல்லூரி விண்ணப்பங்களில் பெரும்பாலானவை, அவருடைய மதிப்பெண் தெரியும் முன்பே முடிந்துவிடுகின்றன. 2025 சேர்க்கையின் தேதிகளைப் பார்த்தால் இது விளங்கும். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு 2024 டிசம்பர் 1 அன்றே நடந்துவிட்டது. ஜேஇஇ மெயின் முதல் கட்டத்துக்கு விண்ணப்பிக்க நவம்பர் 22 கடைசி நாள். நீட் விண்ணப்பம் பிப்ரவரி 7 முதல் மார்ச் 7 வரை. மாநில நுழைவுத் தேர்வான கீமுக்கு விண்ணப்பம் பிப்ரவரியில் தொடங்கி மார்ச்சில் முடிந்தது. மேல்நிலைத் தேர்வு முடிவு வந்ததோ மே 22 அன்று.

இந்த வரிசை எப்போதும் இப்படி இருந்ததில்லை. கேரளத்தில் ப்ரீ டிகிரி இருந்த காலத்தில் மாணவர் எஸ்எஸ்எல்சி முடித்த கையோடு கல்லூரியில் சேர்ந்தார். பதினைந்து பதினாறு வயதில் கல்லூரி மாணவர் ஆனார். 1990இல் பிளஸ் டூ பள்ளிகளுக்கு வரத் தொடங்கி, 2000 வாக்கில் ப்ரீ டிகிரி கல்லூரிகளை விட்டு முழுதாக நீங்கியது. அதோடு விண்ணப்பத்துக்கு வழிகாட்டும் பொறுப்பும் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. தமிழ்நாடு வேறு வழியில் போனது. அங்கே 2007 முதல் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு இல்லை. 2025இல் விண்ணப்பம் தொடங்கியது மே 7, பிளஸ் டூ முடிவு மே 8. எல்லைக்கு அப்பால் மார்த்தாண்டத்தில் படிக்கும் பிள்ளைக்கு மே மாதத்தில் தொடங்கும் வேலை, இப்பால் பாறசாலையில் படிக்கும் பிள்ளைக்கு முந்தைய அக்டோபரிலேயே தொடங்கிவிடுகிறது.

திருவனந்தபுரம் மாவட்டத்துக்குள்ளேயே வழிகள் பல. வலியமலையில் உள்ள, 2007இல் தொடங்கிய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகத்துக்கு ஜேஇஇ அட்வான்ஸ்ட் தகுதி வேண்டும். அதன் பிறகு அந்த நிறுவனத்துக்குத் தனியாகவும் விண்ணப்பிக்க வேண்டும். விதுரையில் உள்ள அறிவியல் கல்வி ஆராய்ச்சிக் கழகமான ஐசர், மாணவர்களைத் தன் சொந்தத் தகுதித் தேர்வு வழியாக எடுக்கிறது. 2025இல் அதற்கு ஏப்ரல் 15 வரை விண்ணப்பிக்க முடிந்தது. 1939இல் தொடங்கிய திருவனந்தபுரம் பொறியியல் கல்லூரிக்குக் கீம். கேரளப் பல்கலைக்கழகத்தின் நான்காண்டுப் பட்டப் படிப்புக்கு மட்டும், முடிவு வந்த பின்னும் அனுப்ப முடிகிற ஒற்றைச் சாளர விண்ணப்பம். மார் இவானியோஸ் போன்ற தன்னாட்சிக் கல்லூரிக்கு அதுவும் தனி.

ஆலோசகர்கள் அதிகக் கவனம் வைக்க வேண்டியது கீம். அது பொறியியல் தேர்வுக்கான விண்ணப்பம் மட்டும் என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். மருத்துவம், ஆயுர்வேதம் ஆகியவற்றின் மாநில ரேங்க் பட்டியலில் இடம்பெற, நீட் எழுதுபவரும் நுழைவுத் தேர்வு ஆணையருக்கு இதே விண்ணப்பத்தை அனுப்பியிருக்க வேண்டும். கட்டடக் கலைக்கு நேட்டா எழுதுபவருக்கும் இதே நிலை. நீட்டில் நல்ல மதிப்பெண் வாங்கியும் கீம் விண்ணப்பம் போடாதவர் மாநில ஒதுக்கீட்டுக்கு வெளியே நிற்க நேரிடும்.

அடுத்த சிக்கல் சான்றுகள். கேரளத்தவர் என்பதற்கு எஸ்எஸ்எல்சி புத்தகத்தில் பிறந்த ஊர் கேரளத்தில் இருந்தாலே போதும். எல்லையோரத் தமிழ்க் குடும்பங்களில் தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்கும். பிறந்த ஊர் நாகர்கோவில் என்று பதிவாகியிருக்கும் பிள்ளை நெய்யாற்றின்கரையிலேயே வளர்ந்திருந்தாலும் எஸ்எஸ்எல்சி புத்தகத்தின் அந்தப் பக்கம் அவருக்கு உதவாது. பெற்றோரில் ஒருவர் கேரளத்தில் பிறந்தவர் என்பதற்கான சான்றைத் தேட வேண்டும், அல்லது வில்லேஜ் ஆபீசை நாட வேண்டும். பெயரிலும் இதே தொல்லை: எஸ்எஸ்எல்சியில் இனிஷியல், ஆதாரில் தந்தை பெயர் முழுதாக. சாதி, வருமானம், நான்-கிரீமிலேயர் சான்றுகளுக்கும் நாள் பிடிக்கும். இட ஒதுக்கீடு கோருவதை விண்ணப்பத்திலேயே குறிக்க வேண்டும். ரேங்க் வந்த பிறகு நினைவுக்கு வந்து பயனில்லை. அக்ஷயா மையத்தில் விண்ணப்பத்தைப் பதிவேற்றி ரசீது வாங்கியதோடு வேலை முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். குறை இருந்தால் அது மாணவரின் இணையப் பக்கத்தில் மெமோவாக வரும். அதைத் திறந்து பார்ப்பவர் யார் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வது நல்லது.

முன்கூட்டி விண்ணப்பிப்பதால் பள்ளித் தேர்வின் எடை குறைவதில்லை. கீம் பொறியியல் ரேங்கில் பாதி, கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகியவற்றில் பிளஸ் டூவில் பெறும் மதிப்பெண். அந்தப் பாதியை எப்படிக் கணக்கிடுவது என்பதில்தான் 2025இல் பெரும் குழப்பம் வந்தது. ஜூலை 1 அன்று முடிவு வெளியாகும் தறுவாயில் மூன்று பாடங்களின் எடை 5:3:2 என மாற்றப்பட்டது. தேர்வு முடிந்த பின் விதியை மாற்றியது செல்லாது என்று கேரள உயர் நீதிமன்றம் ஜூலை 9 அன்று பட்டியலை ரத்து செய்தது. மறுநாள் டிவிஷன் பெஞ்சும் அதை உறுதி செய்ய, பழைய முறையில் புதிய பட்டியல் வந்தது. முதல் பட்டியலை நம்பி மற்ற இடங்களைக் கைவிடாதிருந்தவர்களுக்கு அடி குறைவு. ஒரே வழியை நம்பியிருக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

வெளிநாட்டுப் படிப்புக்கு நாட்கள் இன்னும் முன்னே போகின்றன. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்கு அக்டோபர் நடுவிலும், அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றின் முன்கூட்டிய சுற்றுக்கு நவம்பர் தொடக்கத்திலும் விண்ணப்பம் முடிகிறது. அமெரிக்காவின் ‘எர்லி டிசிஷன்’ முறையில் இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்று மாணவர் ஒப்புக்கொள்கிறார். உதவித்தொகைகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய குடும்பத்துக்கு அது ஏற்றதன்று. கேரள மேல்நிலைக் கல்வியில் பிளஸ் ஒன் தேர்வும் பொதுத் தேர்வு, அதன் மதிப்பெண் இறுதிக் கணக்கில் சேர்கிறது. ஆகவே வெளிநாட்டு விண்ணப்பங்களுக்கு ஆசிரியர் எழுதும் பரிந்துரைக்கு நம்பகமான எண் ஒன்று முன்பே கையில் இருக்கிறது.

பயிற்சி மையத்துக்குப் போகும் மாணவருக்கு இந்தத் தேதிகளை மையமே நினைவூட்டும். போகாதவருக்குப் பள்ளியைத் தவிர வேறு ஆள் இல்லை. எனவே ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியின் வழிகாட்டி ஆசிரியரும் பிளஸ் ஒன் கோடை விடுமுறைக்கு முன் ஒவ்வொரு மாணவரின் எஸ்எஸ்எல்சி, ஆதார், பிறந்த ஊர், சாதிச் சான்று ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். பிளஸ் டூ ஓணத் தேர்வு முடிந்ததும் தேதிப் பட்டியலைத் தமிழிலும் மலையாளத்திலும் பெற்றோர் கையில் கொடுக்க வேண்டும். பிப்ரவரியில் விண்ணப்பத்துக்கென ஒரு வேலை நாளை ஒதுக்க வேண்டும். பாடத்திட்டத்துக்கு வெளியே உள்ள கூடுதல் உதவியாக இதைக் கருதாமல், செய்முறைத் தேர்வைப் போலவே பள்ளியின் கடமையாகக் கால அட்டவணையில் எழுதி வையுங்கள்.